இரண்டு வரிப் புள்ளி

கேபிள் டிவி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் புகாரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. படம் வருகிறது சத்தம் இல்லை, சத்தம் வருகிறது படம் இல்லை, பக்கத்து வீட்டில் தெரிகிறது எங்கள் வீட்டில் தெரியவில்லை என்று அந்த வட்டாரத்து மனக்குறை எல்லாம் முதலில் அவள் காதில்தான் வந்து இறங்கும். அவள் அதை ஒரு நோட்டில் எழுதி ஏணிக்காரரிடம் கொடுப்பாள். ஏணிக்காரர் ஐம்பது வயதுக்காரர். தோளில் ஒரு மூங்கில் ஏணியும் இடுப்பில் கம்பி வெட்டும் குறடுமாகக் கம்பம் கம்பமாக ஏறி இறங்குவது அவர் வேலை.

மற்றவர்களாக இருந்தால் புகாரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள். இவளால் அது முடியாது. "கோடு கோடா வருதும்மா" என்று யாராவது சொன்னால், "நெடுக்கவா, குறுக்கவா? நிக்குதா, மேல ஓடுதா?" என்று ஆரம்பிப்பாள்.

"நான் டிவி பார்க்கத்தாம்மா காசு கட்டுறேன். பரீட்சை எழுத இல்ல" என்று ஒருவர் போனிலேயே கத்தியிருக்கிறார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கோடு எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அலுவலகம் ஒரு மாடியில் இரண்டு அறை. உள் அறை முதலாளியுடையது. வெளி அறையில் தொலைபேசி, இரும்பு அலமாரி, சூடாகிக்கொண்டே இருக்கும் கருவிகளின் அடுக்கு, ஓயாமல் சுற்றும் ஒரு மேசை விசிறி. முதலாளி எங்கேயோ ஏலத்தில் ஒரு ஹோம் கம்ப்யூட்டர் எடுத்து வந்தார். விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியாக இருக்கும் அந்தக் காலத்து மாதிரி. பிள்ளைகள் வீட்டில் விளையாட வாங்குகிற சாதனம்தான். ஆனால் அதை டிவியோடு இணைக்கலாம். கேபிள் கம்பியிலும் இணைத்துவிட்டால் அதன் திரையில் இருப்பது அத்தனை வீட்டு டிவியிலும் தெரியும். ஒரு சேனலை இதற்கென்றே ஒதுக்கி, ஊர் அறிவிப்புகளையும் விளம்பரங்களையும் எழுத்தாக ஓட்டலாம் என்பது அவர் யோசனை. புகாரம்மாவுக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியும். ஆக அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது.

கம்ப்யூட்டரை விற்றவன் ஒரு ஃபிளாப்பித் தட்டில் தமிழ் எழுத்துகளையும் வரைந்து கொடுத்திருந்தான். கூடவே பச்சை எழுத்து மட்டும் காட்டும் ஒரு பழைய மானிட்டரையும் தந்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் திரையில் பத்து வரி உயரம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கோ மேலே கி, கீ என்பவற்றின் விசிறி, கீழே கு, கூ என்பவற்றின் வால், இரண்டுக்கும் நடுவில் உடம்பு. பத்து வரிக்குள் அதையெல்லாம் திணித்ததில் மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இரண்டும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போல் இருந்தன. மெய்யெழுத்துப் புள்ளி ஒரே ஒரு துளி. அதுவும் இடமில்லாமல் எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் காலை கடைத்தெருப் பல் மருத்துவர் போன் செய்தார்.

"அம்மா, என் விளம்பரத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"பல் மருத்துவர், கடைத்தெரு மாடி, சாயங்காலம் நாலுலேருந்து எட்டு வரைக்கும்னு போட்டிருக்கோம் டாக்டர்."

"நீங்க போட்டது அது. ஜனங்க படிக்கிறது 'பல மருத்துவர்'. நேத்து மூணு பேரு கண்ணு காட்ட வந்தாங்க. ஒருத்தர் முழங்காலைத் தூக்கி என் நாற்காலியில வைக்கிறார். காது டாக்டர் எந்த ரூம்லன்னு ஒரு அம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. நான் ஒருத்தன்தாம்மா இருக்கேன்!"

புகாரம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். போனை வைத்ததும் யோசனை வந்துவிட்டது. மருத்துவர் என்ற சொல்லில் உள்ள புள்ளிகளும்தான் டிவியில் காணாமல் போகின்றன. ஆனால் அவற்றைப் படிக்கிறவர்கள் பழக்கத்தில் தாங்களே வைத்துக்கொள்வார்கள். பல் என்பதில் அதற்கு வழியில்லை. பல என்றும் ஒரு சொல் இருக்கிறதே.

"எழுத்தைப் பெருசா போட்டா சரியாப் போயிடும் சார்" என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பெருசா போட்டா ஒரு பக்கத்துக்கு எட்டு அறிவிப்பு எப்படி வரும்? எட்டு எட்டாத்தான் வரணும்" என்றார் அவர். அவர் சொல்வதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூட சரியாகக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் அஞ்சல் அலுவலகத்தில் கடிதம் பிரிப்பவர். கிறுக்கல் விலாசங்களைப் படிக்க அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதை எடுத்துக்கொண்டு திரையோடு மூக்கு உரசுகிற அளவுக்கு நெருங்கினாள்.

"ஏம்மா, பார்க்கிறவங்களுக்கு வழி விடுவியா மாட்டியா?" என்றார் மாமியார். வீட்டில் அந்த அறிவிப்புச் சேனலை விடாமல் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். அவருக்கு அது செய்தித்தாள் மாதிரி. எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்தக் கடைக்கு ஆள் தேவை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ஒரு நிமிஷம் அத்தை. இங்க வந்து பாருங்களேன். எழுத்துக்குள்ள கறுப்பு கறுப்பா கோடு தெரியுது."

மாமியார் எழுந்து வந்து பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தார். உண்மைதான். ஒவ்வொரு வெளிச்ச வரிக்கும் அடுத்து ஒரு கறுப்பு வரி. வேலியில் சட்டம் விட்டுச் சட்டம் அடித்ததுபோல.

"டிவி பழசாயிடுச்சு" என்றார் மாமியார்.

புகாரம்மா சேனலை மாற்றினாள். ஒரு சினிமா ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் கன்னத்தில் பூதக்கண்ணாடியை வைத்தாள். கறுப்புக் கோடுகளைக் காணோம்! கன்னம் முழுக்க நிரம்பியிருந்தது. மறுபடி அறிவிப்புச் சேனல்: கோடு. மறுபடி சினிமா: இல்லை. இப்படி ஏழெட்டுத் தடவை மாற்றியதில் மாமியார் பொறுமை இழந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

ஒரே டிவி. ஒரே கண்ணாடி. சினிமாவுக்கு இருக்கிற வரிகள் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் இல்லை? பாதித் திரை சும்மா கிடக்கிறதா? படுத்த பிறகும் அவள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் "ம்" கொட்டியபடியே தூங்கிப்போனார்.

மறுநாள் ஏணிக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்து டீயைக் கையில் எடுத்ததும் அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் இந்த வேலைக்கு வருமுன் ஒரு டிவிக் கடையில் இருந்தவர்.

"தங்கச்சி, டிவிக்குள்ள ஒரு விளக்குமாறு இருக்குன்னு வச்சுக்க" என்றார் அவர். "மேலேருந்து கீழ வரைக்கும் வரி வரியா வெளிச்சத்தால பெருக்கிட்டு வருது. ஆனா ஒரே மூச்சுல எல்லா வரியையும் பெருக்காது. முதல்ல ஒண்ணு, மூணு, அஞ்சு. அப்புறம் திரும்ப மேல போய் ரெண்டு, நாலு, ஆறு. நொடிக்கு அம்பது தடவை மேலேருந்து கீழ வருது. ஒத்தைப்படை ஒரு தடவை, ரெட்டைப்படை ஒரு தடவை. நம்ம கண்ணு ரெண்டையும் சேர்த்து ஒண்ணாப் பார்த்துக்குது."

"அப்ப நம்ம கம்ப்யூட்டர்?"

"அது சோம்பேறி போல. பெருக்கின வரியையே மறுபடி மறுபடி பெருக்குது. நடுவுல இருக்கிறது அப்படியே இருட்டாக் கிடக்கு."

"ஏன் அப்படி?"

"அதை நீ அதுகிட்டத்தான் கேக்கணும்" என்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அவள் அதனிடமே கேட்டாள். கம்ப்யூட்டரோடு வந்த ஆங்கிலக் கையேடு அலமாரியில் கிடந்தது. இருநூறு பக்கம். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் விண்ணப்பப் படிவம் நிரப்பும் ஆங்கிலம். கணவரின் அகராதியை ஒரு கையிலும் கையேட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, போன் அடிக்காத நேரமெல்லாம் படித்தாள். ஒன்பதாம் நாள் அந்தப் பக்கம் கிடைத்தது. கம்ப்யூட்டர் வழக்கமாகத் தருவது இருநூற்றைம்பத்தாறு வரி. அமைப்பில் ஒரே ஓர் இடத்தை மாற்றினால், ஒத்தைப்படைக்கு ஒரு படம், ரெட்டைப்படைக்கு ஒரு படம் என்று பிரித்து அனுப்பும். அப்போது ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரி! இத்தனை நாளும் கதவு பூட்டியிருக்கவே இல்லை. யாரும் தள்ளிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தின் கீழே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. சில திரைகளில் ஏதோ ஆகலாம் என்று. அந்த ஏதோவுக்கு அகராதியில் பொருள் பார்த்தாள். மினுக்குதல் என்று போட்டிருந்தது. மினுக்கினால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

பத்து வரியில் இருந்த எழுத்து இனி அதே அளவில் இருபது வரி. எல்லா எழுத்தையும் புதிதாக வரைய வேண்டும். உயிர், மெய், உகர ஊகார வரிசைகள், கொம்பு, கால், விசிறி என்று கணக்கெடுத்தால் நூற்று முப்பது வடிவங்களுக்கு மேல் வந்தது. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். முதலில் பென்சிலில் வரைவாள். பிறகு எழுத்து வரையும் நிரலில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைப்பாள். நடுவில் போன் அடிக்கும். "படம் வரல்லயா? எந்த வீடு? எழுதிக்கிட்டேன்" என்று சொல்லும்போதே கண் திரையில் இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்து வாரம் ஆயிற்று. கோடுகளை ஊசி முனைபோல ஒரே வரித் தடிமனில் இழைத்திருந்தாள். ண இப்போது மூன்று சுழியையும் தனித்தனியே காட்டிக்கொண்டு நின்றது. புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தது. பச்சை மானிட்டரில் பார்த்தால் அச்சடித்த புத்தகம் கெட்டது. ஏணிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அந்த டப்பாவுல வந்த எழுத்தா?" என்று மூக்கின் மேல் விரல் வைத்தார்.

முதலாளி வெளியே போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், எட்டு அறிவிப்புகளையும் புது எழுத்தில் போட்டு, சேனலுக்கு அனுப்பினாள். பிறகு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாராவது பாராட்ட மாட்டார்களா?

கால் மணி நேரத்தில் அடித்தது.

"எழுத்தெல்லாம் ஏம்மா நடுங்குது? குளிர் ஜுரமா?"

வைத்தாள். உடனே அடுத்தது. "அறிவிப்பைப் படிச்சா கண்ணு கூசுது." அதற்கடுத்து, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மாமியார்.

"எழுத்து அழகாத்தான் இருக்கு. நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. ஆனா ஒண்ணாவது ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. எனக்குத் தலை சுத்துது. சேனலை மாத்திட்டேன்."

மாமியாரே சேனலை மாற்றிவிட்டார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவளுக்குப் புரிந்தது. ஆறாவது அழைப்பு பல் மருத்துவருடையது. இம்முறை அவர் கத்தவில்லை. ஏறக்குறைய அழுதார்.

"போன தடவை புள்ளியே இல்ல. இப்ப இருக்கு, இல்ல, இருக்கு, இல்லன்னு கண்ணடிக்குது. பல்லா பலவா, எதையாவது ஒண்ணை முடிவு பண்ணுங்கம்மா!"

அவள் பச்சை மானிட்டரைப் பார்த்தாள். எழுத்துகள் அசையாமல், எதுவுமே நடக்காததுபோல் நின்றன. முதலாளியின் அறைக்கு ஓடி அங்கிருந்த டிவியைப் போட்டாள். அங்கே நூற்று முப்பது எழுத்தும் வெடவெடத்துக்கொண்டிருந்தன.

முதலாளி வந்து சேர்ந்தபோது அவருக்கும் வழியிலேயே இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். "பழசையே போடு. புகார் எடுக்க வச்ச ஆளே புகாரை உண்டாக்கினா எப்படி?" என்றார்.

"போட்டுடறேன் சார். ஆனா எங்க நடுங்குதுன்னு மட்டும் பார்த்துக்கிறேனே."

"எங்க நடுங்குதா? எல்லாம்தான் நடுங்குது!"

"இல்ல சார். எல்லாம் இல்ல."

அதை அவள் சும்மா சொல்லவில்லை. அவமானத்தில் முகம் சிவந்திருந்தாலும், முதலாளி அறை டிவியின் முன்னால் அவள் நின்ற அந்த அரை நிமிடத்தில் அவள் கண் தன் வேலையைச் செய்திருந்தது. ட எழுத்தின் நெட்டுக்கால் அசையவில்லை. கீழே படுத்திருக்கும் கோடுதான் துடித்தது. ப எழுத்திலும் அப்படியே. இரண்டு சுவரும் சும்மா இருக்க, தரை மட்டும் ஆடியது.

பழைய எழுத்து சேனலுக்குத் திரும்பியது. பல மருத்துவர் மறுபடி மருத்துவமனை நடத்தத் தொடங்கினார். ஏணிக்காரர் பழுதுபார்க்கும் அலமாரியிலிருந்து மூலை உடைந்த ஒரு சின்னக் கலர் டிவியைத் தூக்கி வந்து பச்சை மானிட்டர் பக்கத்தில் வைத்தார். அறிவிப்பு ஓடாத நேரத்தில் சேனல் கம்பியைக் கழற்றிவிட்டு, அவள் புது எழுத்தைப் போட்டுப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே படம். ஒன்றில் நடுக்கம், ஒன்றில் இல்லை.

"இந்தப் பச்சை ஏன் பொய் சொல்லுது அண்ணே?"

"பொய் சொல்லல. அது மெதுவா அணையிற ரகம். பக்கம் மாத்தும்போது பழைய எழுத்து கொஞ்ச நேரம் ஆவி மாதிரி நிக்குமே, பார்த்ததில்லயா?"

பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள். அதை ஏன் என்று கேட்காமல் விட்டது அந்த அலுவலகத்திலேயே அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வியாக இருக்கும். பச்சைத் திரையில் ஒரு வரி அணைவதற்குள் விளக்குமாறு மறுசுற்று வந்துவிடுகிறது. கலர் டிவியில் வரி சட்டென்று அணைகிறது. ஒத்தைப்படை வரியில் மட்டும் இருக்கிற கோடு, ரெட்டைப்படை முறை வரும்போது இருட்டிலேயே கிடக்கிறது. நொடிக்கு இருபத்தைந்து தடவை எரிந்து அணைகிறது. அகராதி மினுக்குதல் என்று சொன்னது இதைத்தான்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் வழி தெரியவில்லை. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தை மாற்றி, நீலத்தின் மேல் வெண்ணெய் நிறம் போட்டுப் பார்த்தாள். நடுக்கம் பாதி அடங்கியது. ஆனாலும் புள்ளி கண்ணடிப்பதை நிறுத்தவில்லை. நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் டிவியை அணைக்கப் போனவள் கையை அப்படியே நிறுத்தினாள். பக்கத்தின் மேலே 'அறிவிப்புகள்' என்ற தலைப்பு துடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே நிரல் தானாகப் போடும் ஓர் அடிக்கோடு. அதுவும் படுக்கைக் கோடுதான். ஆனால் அடித்து வைத்த கல் மாதிரி கிடந்தது.

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். அடிக்கோடு இரண்டு வரித் தடிமன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையில் கோடுகளாக வரைந்து தள்ளினாள். ஒரு வரிக் கோடு: துடித்தது. இரண்டு வரிக் கோடு: மிக லேசான ஒரு மூச்சு, அவ்வளவுதான். ஒத்தைப்படை வரி அணையும்போது பக்கத்து ரெட்டைப்படை வரி எரிகிறது. அது அணையும்போது இது எரிகிறது. கோடு எப்போதும் அணைவதே இல்லை.

"அண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசலில் கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்த ஏணிக்காரர் ஓடி வந்தார். அவள் விளக்கினாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஷிஃப்ட்டு" என்றார் கடைசியில். "ஒத்தை ஆளை நிக்க வச்சா அவன் வீட்டுக்குப் போனதும் கடை காலி. ரெண்டு பேரைப் போட்டா மாத்தி மாத்தி நிப்பாங்க."

"அதேதான்!"

"அப்ப நூத்தி முப்பது எழுத்தையும் மறுபடி வரையணுமே, தங்கச்சி."

அதை அவள் யோசிக்கவில்லை. ஒரு கணம் நோட்டைப் பார்த்தாள். பிறகு புதுப் பக்கம் திருப்பி பென்சிலைச் சீவினாள்.

இம்முறை படுக்கைக் கோடு எதுவும் இரண்டு வரிக்குக் குறையக் கூடாது என்று ஒரே சட்டம். நெட்டுக் கோடு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். புள்ளி இரண்டு வரி உயரம், நான்கு துளி அகலம், அதற்கும் எழுத்துக்கும் நடுவில் இரண்டு வரி இடைவெளி. ட, ப, ம எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. ஞ மக்கர் பண்ணியது. ஐ பற்றிக் கேட்கவே வேண்டாம். சுழிக்குள் சுழி, எதைத் தடிமனாக்கினாலும் உள்ளே அடைத்துக்கொண்டது. அதோடு மட்டும் மூன்று நாள் மல்லுக்கட்டினாள்.

முன்பு பட்டது போதும் என்று, சேனலுக்கு அனுப்பும் முன்னால் வீட்டில் சோதிக்க முடிவு செய்தாள். அறிவிப்புச் சேனலுக்கு விடுமுறை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏணிக்காரர் தன் மொபெட்டில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு வந்தார். மாமியாரை அவர் எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார வைத்தார்கள். அவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் ஆய்ந்தபடி இருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் அத்தை. என்ன தெரியுதோ படிங்க."

மாமியார் நிமிர்ந்தார். "பல் மருத்துவர். கடைத்தெரு மாடி. அடுத்து... மணல் விற்பனைக்கு. தண்ணீர்க் குழாய்ப் பணி, மேல்தெருவில் வியாழன் தண்ணீர் வராது. அடடே, வியாழனா? நான் வெள்ளின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே!"

"நடுங்குதா?"

"எது?"

ஏணிக்காரர் கையைத் தட்டினார். கணவர் சுவரோரம் நின்று திரையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் பிரிக்கிற கண் அது. "மூணு சுழி மூணு சுழியா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

"ஆனா ஒண்ணு" என்றார் மாமியார் அவரைக்காயை நீட்டி. "இந்த 'ஐஸ் கட்டி கிடைக்கும்'ல இருக்கிற ஐ மட்டும் பாம்பு சுருண்டு படுத்த மாதிரி இருக்கு. அதைக் கொஞ்சம் எழுப்பி உட்கார வை."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வரைந்தாள். மாமியார், "வாலை நீட்டு. இன்னும். போதும், போதும். இப்ப கழுத்தைக் கொஞ்சம் தூக்கு" என்று காய் ஆய்வதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். மதியச் சாப்பாடு அன்று மூன்று மணிக்குத்தான். ஆனால் ஐ உட்கார்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை புது எழுத்து சேனலில் ஏறியது. அதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் அறை டிவியில் காட்டித்தான் ஏற்றினாள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு எட்டு அறிவிப்பையும் படித்தார். பாராட்டு வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சா, ஒரு பக்கத்துக்குப் பத்து போடலாமே" என்றார் அவர்.

ஏணிக்காரர் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார்.

பத்து மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. பதினொன்று. அவள் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். உயிர் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரே ஓர் அழைப்பு.

"ஏம்மா, எங்க வீட்டுக்கு யாராச்சும் வந்து டிவியைச் சரி பண்ணிட்டுப் போனீங்களா? நான் வெளியில போயிருந்தேன். வந்து பார்த்தா எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"இல்லீங்க. இங்கேருந்தே சரி பண்ணிட்டோம்" என்றாள் புகாரம்மா.

அதன்பிறகு அவள் வாழ்க்கை தலைகீழாக மாறிவிட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. போனுக்கு வேறோர் ஆளைப் போட்டார்கள். அவள் முழுநேரமும் எழுத்து மேசைக்கு வந்தாள். பெயர் மட்டும் மாறவில்லை. பக்கத்து வட்டாரக் கேபிள்காரர்கள் இரண்டு மூன்று பேர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எழுத்துகளைக் கேட்டு வாங்கிப் போனார்கள். சும்மாதான் கொடுத்தாள். கூடவே, படுக்கைக் கோட்டை மெல்லியதாக்கி அழகு பண்ணுகிறேன் என்று யாரும் கையை வைக்கக் கூடாது என்று எச்சரித்தும் அனுப்பினாள்.

இரண்டு வருடம் கழித்து, தொலைவில் ஒரு பெரிய ஒளிபரப்பு நிறுவனத்தில் இருந்த பொறியாளர் ஒருவர், உறவுக்காரர் வீட்டில் அந்தச் சேனலைப் பார்த்துவிட்டு மாடி ஏறி வந்தார். இவ்வளவு சாதாரண கம்ப்யூட்டரில் தமிழ் இப்படி நிற்கிறதே, எந்த நிறுவனம் செய்து கொடுத்தது என்று கேட்டார். ஏணிக்காரர் கையைக் காட்டினார். பொறியாளர் நம்பாமல் அவளைப் பார்த்தார். அவள் நோட்டுகளை எடுத்துக் காட்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஸ்டூடியோவிலும் எழுத்துக்கு இதே விதிதான், இதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்றார்.

"புத்தகத்துல இருக்கா?" என்றாள் அவள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. ஆனால் உடனே முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஓர் ஆள் கையில் சிக்குவது லேசா? "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சிவப்பு எழுத்து மட்டும் ஓரத்துல வழியுதே சார், அது ஏன்? மஞ்சள் வழியல, வெள்ளை வழியல. நிறம் வேற வழியா வருதா? வேற வழின்னா எது?"

பொறியாளர் சொல்ல ஆரம்பித்தார். சிக்னலில் நிறத்துக்கு ஒதுக்கிய இடம் குறுகலானது என்றார். வெளிச்சத்துக்கு உள்ள இடம் அகலம் என்றார். எல்லா நிறத்துக்கும் குறுகல் என்றால் சிவப்பு மட்டும் என்ன பாவம் செய்தது என்று அவள் கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இருவருமாகச் சிவப்பு எழுத்தை நீலத்திலும் கறுப்பிலும் மஞ்சளிலும் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அவருடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போனது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அவர் மூன்று பக்கத்தில் விளக்கம் எழுதி அனுப்பினார். அவள் நான்கு பக்கம் பதில் எழுதினாள். அதில் நன்றி ஒரு வரி. மீதி எல்லாம் கேள்வி.